கல்லில் எண்ணிக்கை, கைப்பேசியில் பெயர்: உங்கள் ஊர் போர் நினைவுச் சின்னத்தைப் படிப்பது எப்படி?

திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் காய்கறி வாங்கப் போகிறவர்கள் தினமும் முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் ஒன்றைக் கடந்துதான் போகிறார்கள். மூட்டை இறக்குகிற சத்தம், ஆட்டோ ஹாரன், பூக்கடை கூட்டம். இதற்கு நடுவில் அது நிற்கிறது. நேரம் கேட்டால் சொல்வார்கள், வழி கேட்டால் சொல்வார்கள். இந்தத் தூண் யாருக்காகக் கட்டியது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வருவது கஷ்டம்தான்.

திருச்சியில் மட்டும் இப்படி இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் படைக்கு ஆள் எடுத்த ஊர்கள் பலவற்றில் சின்னதாக ஒரு கல் இருக்கும். பழைய தாலுகா அலுவலகச் சுவரிலோ, பள்ளிக்கூடத்திலோ, சத்திரத்து முகப்பிலோ, மணிக்கூண்டிலோ பதித்திருப்பார்கள். வாசகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், கிட்டத்தட்ட ஒரே அச்சில் இருக்கும். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள், ஆண்டு 1914-1919. அவ்வளவுதான். போனவர்களுக்கு ஒரு எண், திரும்பாதவர்களுக்கு ஒரு எண். பெயர் ஒன்றுகூட இருக்காது.

அந்தப் பெயர்களை உங்கள் கையில் இருக்கும் போனை வைத்தே எப்படித் தேடலாம் என்று இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். கட்டணம் எதுவும் கிடையாது.

பெயர் எழுதும் வழக்கம் நமக்குப் புதிதில்லை

முதலில் ஒரு பழைய கதை. போரில் விழுந்தவருக்குக் கல் நடுவதை ஆங்கிலேயர் நமக்குச் சொல்லித் தரவில்லை. நடுகல்லுக்கு ஏற்ற கல்லைப் பார்ப்பது முதல் அதை வாழ்த்துவது வரை ஆறு படிநிலைகளைத் தொல்காப்பியம் முறையாகச் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுத்த நடுகற்களில் தமிழி எழுத்து இருக்கிறது. ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனின் பெயரும் ஊரும் அதில் உண்டு.

இன்னும் சுவையானது திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல். முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதி இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன், கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று அதற்குத் தனியாக எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதிய மண் இது. அதே மண்ணில் 1919க்குப் பிறகு வைத்த கல்லில் மனிதர்களுக்கே எண்தான். இந்த இடைவெளியைப் பார்த்த பிறகு அந்தக் கல்லை அப்படியே கடந்து போக மனசு வராது, இல்லீங்களா?

கல்லைப் படிப்பது

உச்சி வெயிலில் போகாதீர்கள். தேய்ந்த எழுத்து காலை 8 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பிறகும்தான் நன்றாகத் தெரியும். வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், அப்போது தானாகவே படிக்க வரும். நிழலான இடமாக இருந்தால் இன்னொரு போனின் டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில், கல்லை ஒட்டினாற்போல் பிடிக்கச் சொல்லுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது.

முதலில் கல்லும் அதைச் சுற்றியுள்ள இடமும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு படம். பிறகு எழுத்து மட்டும், கல்லுக்கு நேர் எதிரே நின்று. கேமரா செட்டிங்கில் லொகேஷன் ஆன் பண்ணிக்கொள்ளுங்கள், பின்னால் மனு கொடுக்கும்போது உதவும். படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் ஆங்கில வாசகத்தைப் படித்துத் தமிழில் மொழிபெயர்த்தும் காட்டும். எண்களை மட்டும் நீங்களே கண்ணால் சரிபாருங்கள். தேய்ந்த 3ஐயும் 8ஐயும் செயலி குழப்பிக்கொள்ளும்.

சாக்பீஸ் பூசிப் படிப்பது, ஆசிட் ஊற்றிக் கழுவுவது, எழுத்தின் மேல் கறுப்பு பெயின்ட் ஓட்டுவது எல்லாம் வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்கிறார்கள், கல் போய்விடுகிறது. வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

போர் 1918 நவம்பர் 11லேயே நின்றுவிட்டதே, கல்லில் ஏன் 1919 என்று சிலர் கேட்பார்கள். சண்டை நின்றது 1918இல். ஜெர்மனியுடன் வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28இல். கல் வெட்டியவர்கள் அதைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். 'முதல் உலகப் போர்' என்று எழுதாமல் 'பெரும் போர்' என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. இரண்டாவது ஒன்று வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அந்தப் பெயர்கள் எங்கே போயின?

முதல் உலகப் போரில் பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினார்கள். அவர்களில் சுமார் 74,000 பேர் இறந்தார்கள். இரண்டாம் போரில் இந்தியப் படை சுமார் 25 லட்சம், இறந்தவர்கள் சுமார் 87,000. இவர்கள் எல்லாம் சண்டையில்தான் இறந்தார்கள் என்றில்லை. மலேரியா, வயிற்றுப்போக்கு, காய்ச்சலில் போனவர்களும் உண்டு. படைக்குத் தண்ணீர் சுமந்தவர், சமைத்தவர், கோவேறு கழுதை ஓட்டியவர் எல்லாம் இந்தக் கணக்குக்குள் வருகிறார்கள்.

இறந்தவர்களின் கணக்கை வைத்திருப்பது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். 1917 மே மாதம் வேறு பெயரில் தொடங்கி, 1960இல் இந்தப் பெயருக்கு மாறியது. இரு போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரை அது நினைவுகூர்கிறது. பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி மரியாதை என்பதுதான் அதன் அடிப்படை விதி. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்.

நடைமுறை அப்படி இருக்கவில்லை. இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெசபொட்டேமியப் போர்முனையில் இறந்து, கல்லறை தெரியாத 40,000க்கும் மேற்பட்டோருக்கானது அது. ஆங்கிலேயச் சிப்பாய்களின் பெயர்கள் கல்லில் உண்டு. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் உண்டு. இந்தியச் சிப்பாய்கள் 30,000க்கும் மேற்பட்டோருக்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டும். நம் ஊர்ச் சுவரில் பார்த்த அதே எண்.

இதை விசாரிக்க அந்த ஆணையமே ஒரு சிறப்புக் குழு அமைத்து, 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. முதல் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்று அறிக்கை சொல்கிறது. குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ, அல்லது எந்த விதத்திலுமோ நினைவுகூரப்படவில்லை என்றும் சொல்கிறது. அந்த எண்ணிக்கை 3,50,000 வரைகூடப் போகலாமாம். ஆணையம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். கல்லில் வெட்டாத பெயர்களில் ஏராளமானவை ஏட்டில் இருந்தன, அந்த ஏடுகள் இப்போது இணையத்தில் இருக்கின்றன. நமக்கு வேண்டியது அதுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்து, சீக்கிய வீரர்களை எரியூட்டுவதுதான் வழக்கம் என்பதால் அவர்களுக்குக் கல்லறை இருக்காது. பெயர் ஏதாவது ஒரு நினைவுச் சுவரில் இருக்கும். நாகாலாந்தின் கோஹிமாவில் அப்படி 917 பேருக்கு ஒரு தகன நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆகவே 'கல்லறை எங்கே' என்று தேடாதீர்கள், 'பெயர் எந்தச் சுவரில்' என்று தேடுங்கள். பர்மா போர்முனை என்றால் யாங்கூன் அருகே தாக்யான் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னம், சுமார் 27,000 பெயர்கள். மலாயா, சிங்கப்பூர் என்றால் கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவுச் சின்னம், 24,000க்கும் மேல். பிரான்ஸ் என்றால் நியூவ் ஷப்பல், 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்கள். டெல்லி இந்தியா கேட்டில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள். 'எங்க கொள்ளுத் தாத்தா பர்மாவுக்குப் போனார்' என்று வீட்டில் சொன்னால் அந்த ஒரு வார்த்தையே உங்களுக்குப் பெரிய துப்பு.

போனில் தேடலாம், வாங்க

ஆணையத்தின் தளம் சி.டபிள்யூ.ஜி.சி. டாட் ஓ.ஆர்.ஜி. அதில் போரில் இறந்தவர்களைத் தேடும் பக்கம் ஒன்று இருக்கிறது. தளம் ஆங்கிலத்தில்தான். குரோமில் மொழிபெயர்ப்பு ஆன் பண்ணினால் தமிழில் படிக்கலாம், ஆனால் தேடும் சொல்லை ஆங்கில எழுத்தில்தான் போட வேண்டும்.

முதல் சிக்கல், குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இந்திய வீரர்களின் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில்தான் ஏற்றியிருக்கிறார்கள். அங்கேயே போடுங்க. மற்ற கட்டத்தைக் காலியாக விடுங்க. எந்தப் படை என்ற இடத்தில் இந்தியப் படையைத் தேர்வு செய்யுங்கள்.

இரண்டாவது சிக்கல் எழுத்துக் கூட்டல். இதில்தான் பாதிப் பேர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஆள் எடுத்த இடத்தில் ஒரு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது அது. 'சாமி' என்பதற்கு நாம் இப்போது எஸ்-ஏ-எம்-ஒய் போடுகிறோம். அன்றைக்கு நடுவில் டபிள்யூ வரும், கடைசியில் ஒய்க்குப் பதில் ஐ வரும். முனுசாமி என்றால் முதல் அசைக்கு யூ ஒன்று போதும் என்று நினைப்போம், அவர்கள் இரண்டு ஓ போட்டிருப்பார்கள். 'முனிசாமி' என்றும் இருக்கலாம். ழகரம் எல் ஆகியிருக்கும், இசட்-எச் என்று எழுதுவது பின்னால் வந்த பழக்கம். ஒரே பெயருக்கு ஐந்தாறு கூட்டலாவது ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்க.

பெயரைவிட ஊரை வைத்துத் தேடுவது பல நேரம் பலன் தரும். கூடுதல் விவரம் என்று ஒரு கட்டம் இருக்கும். இன்னாருடைய மகன், இன்ன கிராமம், இன்ன தாலுகா, இன்ன மாவட்டம் என்ற குறிப்பு பதிவில் இருந்தால் அது இங்கேதான் வரும். ஆகவே உங்கள் ஊர்ப் பெயரையோ தாலுகா பெயரையோ அதில் போடுங்கள். மாவட்டப் பெயர் அன்றைய பெயராக இருக்க வேண்டும். ராணிப்பேட்டை, திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை எல்லாம் அப்போது வட ஆற்காடு. கடலூர், விழுப்புரம் பக்கம் தென் ஆற்காடு. தருமபுரி, கிருஷ்ணகிரி சேலத்துக்குள் இருந்தன. திருச்சி என்று போட்டால் வராது, டிரிச்சினோபோலி. தஞ்சாவூர் டாஞ்சூர். திருநெல்வேலி டின்னவெலி. மதுரை மதுரா. செங்கல்பட்டு சிங்கிள்புட். இதைப் பார்த்துச் சிரிப்பு வந்தாலும் எழுத்தை மாற்றாமல் போடுங்க.

வேலூர் மாவட்ட வாசகர்களுக்கு இது இன்னும் பொருந்தும். கம்மவான்பேட்டையை அக்கம்பக்கத்தில் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர். வட ஆற்காடு என்று போட்டுத் தேடினால் பட்டியலை உருட்டி உருட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, படைப்பிரிவு. முதல் போர் என்றால் மதராஸ் சேப்பர்ஸ் என்கிற பொறியாளர் படையை இரண்டாவது விக்டோரியா மகாராணி சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பெயரில் தேட வேண்டும். 61ஆவது, 64ஆவது, 81ஆவது பயனியர்ஸ் மதராஸ் படையைச் சேர்ந்தவை. கர்நாட்டிக் காலாட்படைகளும் அப்படித்தான். 63ஆவது பாலம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி என்பது நம் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கியது. அதுவும் 61ஆவது பயனியர்ஸும் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் தாங்கா என்ற துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டு, படுதோல்வியில் சிக்கின. வாரக்கணக்கில் கப்பலில் கிடந்து வந்தவர்களை இறக்கிய கையோடு சண்டைக்கு அனுப்பினார்கள். திட்டமிட்டவர்களின் தவறுக்கு விலை கொடுத்தது யார் என்று அந்தப் பட்டியலைத் திறந்தால் தெரியும்.

ஒரு வரம்பு உண்டு. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்தவர்கள் மட்டுமே ஆணையத்தின் கணக்கில் வருவார்கள். போருக்குப் போய் நல்லபடியாக ஊர் திரும்பி, பிறகு வயதாகிக் காலமான தாத்தாவை இதில் தேடினால் கிடைக்கமாட்டார்.

பெயர் கிடைத்துவிட்டால் அந்தப் பக்கத்திலேயே படை எண், பதவி, இறந்த தேதி, எந்தச் சின்னத்தில் எந்தப் பலகையில் பெயர் இருக்கிறது என்ற விவரம் எல்லாம் வரும். நினைவுச் சான்றிதழ் ஒன்றைப் பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளலாம். தேதி தெரிந்துவிட்டால் வீட்டில் அதற்கு ஒரு அர்த்தம் வந்துவிடும். திதி தெரியாமலே மூன்று தலைமுறை மகாளய அமாவாசையில் பொதுவாகத் தர்ப்பணம் கொடுத்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன.

வீட்டு டிரங்குப் பெட்டியையும் திறங்க

இணையத்தில் அகப்படாதது சில நேரம் பரணில் அகப்படும். முதல் உலகப் போர்ப் பதக்கத்தின் முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். ரூபாய் நாணயத்தைப் புரட்டுகிற மாதிரி பக்கவாட்டில் திருப்பினால் படை எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். இன்னொரு நுட்பம் இருக்கிறது. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளியில் தந்தார்கள். சுமை தூக்கியவர், தொழிலாளர் படையில் இருந்தவர் போன்றோருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். 'தாத்தா மிலிட்டரியில இருந்தார்' என்பது வரைக்கும்தான் வீட்டில் தெரியும். என்ன வேலையில் இருந்தார் என்று பதக்கத்தின் உலோகம் சொல்லிவிடும்.

போரில் இறந்தவரின் குடும்பத்துக்குத் தனியாக ஒரு வெண்கலத் தகடும் அனுப்பினார்கள். வட்டமாக, சுமார் 12 சென்டிமீட்டர் அகலம். ஒரு பெண் உருவமும் சிங்கமும் இருக்கும். இறந்தவரின் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும், பதவி இருக்காது. இறப்பில் எல்லோரும் சமம் என்பதற்காக வேண்டுமென்றே பதவியை விட்டார்கள். பார்க்க ஏதோ பழைய பாத்திரத் துண்டு மாதிரி இருக்கும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பதக்கம், தகடு, படையிலிருந்து வந்த கடிதம், ஓய்வூதியப் புத்தகம், எதுவாக இருந்தாலும் இரண்டு பக்கமும் படம் எடுத்துச் சேமித்து வையுங்கள். பெயர் ஆணையத்தின் பதிவில் இல்லை, ஆனால் பணியில் இருந்தபோதுதான் இறந்தார் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறது என்றால், பெயரைச் சேர்க்கச் சொல்லி அவர்களுக்கே விண்ணப்பிக்கலாம். பணியாற்றியதற்குச் சான்று, இறந்த தேதிக்குச் சான்று இரண்டும் வேண்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு

நேரில் பார்க்க விரும்பினால் நந்தம்பாக்கம் போங்க. பரங்கிமலை-பூந்தமல்லி சாலையில் மதராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1952இல் அமைத்தது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பராமரிக்க முடியாத இடங்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் போர்க் கல்லறைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 850க்கும் மேற்பட்ட கல்லறைகள். அந்தத் தோட்டத்தின் பின்பகுதியில் முதல் உலகப் போருக்கான மதராஸ் நினைவுச் சின்னம் இருக்கிறது. இந்தியாவின் பல ஊர்களில் புதைத்து, கல்லறையைத் தொடர்ந்து பேண முடியாமல் போன 1,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில். கல்லில் இருக்கும் வயதைக் கவனித்துக்கொண்டே நடந்து பாருங்கள். கல்லூரி படிக்கிற வயசு.

அது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கடற்கரைச் சாலையின் வட முனையில் இருக்கும் போர் நினைவுச் சின்னம் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்த்திருப்பீர்கள். முதல் உலகப் போர் வெற்றிக்காகக் கட்டிய சின்னம் அது. பிறகு இரண்டாம் போரும், சுதந்திரத்துக்குப் பின் காஷ்மீர், சீன, பாகிஸ்தான் போர்களும் அதிலேயே சேர்க்கப்பட்டன. அங்கிருந்து உயர் நீதிமன்றம் பக்கம்தான். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னை மேல் குண்டு வீசியதைச் சொல்லும் கல்வெட்டு அந்த வளாகச் சுவரில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு இறந்தவர்கள்

இவர்களுக்கான இடம் டெல்லி தேசியப் போர் நினைவுச் சின்னம். 2019 பிப்ரவரி 25இல் திறந்தார்கள். வட்டம் வட்டமாக அமைந்த அந்த வளாகத்தில் தியாகச் சக்கரம் என்ற சுற்றில் வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு கருங்கல் பலகை, 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள். டெல்லி போக வேண்டியதில்லை, அதன் இணையதளத்திலேயே பெயரைப் போட்டுத் தேடலாம். விருது பெற்றவர் என்றால் மத்திய அரசின் வீரதீர விருதுகள் தளத்தில் விருதுக்கான காரணமும் கிடைக்கும். கார்கில் போரில் பட்டாலிக் முனையில் 1999 மே 29இல் வீழ்ந்து, ஒரு மாதத்துக்கும் மேல் உடல் பனிமலையிலேயே கிடந்த திருச்சி மேஜர் சரவணன். 2014 ஏப்ரல் 25இல் ஷோபியானில் உயிரிழந்து அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன். 2020 ஜூன் 15இல் கல்வானில் இறந்து வீர் சக்ரா பெற்ற ராமநாதபுரம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி. சினிமா பார்த்து ஒருவரைத் தெரிந்துகொண்டோம், மற்றவர்களைப் பற்றிப் படிக்க இரண்டு நிமிடம் போதும்.

உயிரோடு இருப்பவர்களையும் மறக்க வேண்டாம். பணியின்போது இறந்த வீரரின் மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்கான உதவிகளுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தைத்தான் அணுக வேண்டும். ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரருக்கும் அவர் மனைவிக்கும் மாநில அரசின் மாதாந்திர நிதியுதவி உண்டு. உங்கள் தெருவில் 90 வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் 'அவர் பர்மா சண்டைக்குப் போனவர்' என்று சொல்லிக்கொண்டிருந்தால், அந்தத் தொகை அவருக்கு வருகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் வாங்குபவர் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் சான்றை ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே பதியலாம். போன் உங்களுடையதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. கல்லறை ஆணையத்தின் பதிவில் பெயர் இருப்பதால் மட்டும் யாருக்கும் பணமோ நிலமோ வராது. 'உங்க கொள்ளுத் தாத்தா பேர்ல லண்டன்ல பணம் கிடக்கு, கமிஷன் கட்டுங்க' என்று யாராவது போன் பண்ணினால் கட் பண்ணிவிட்டு 1930க்கு அழையுங்கள்.

கல்லே உடைந்து கிடந்தால்

சில ஊர்களில் போஸ்டர் ஒட்டியிருக்கும், சில ஊர்களில் கல்லுக்கு முன்னால் தள்ளுவண்டி நிற்கும். கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவருக்கு அது என்ன கல் என்றே யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். இடம் யாருடையது என்று முதலில் பாருங்கள். மாநகராட்சி, நகராட்சி இடம் என்றால் அங்கே மனு. அரசுக் கட்டடத்தின் சுவர் என்றால் அந்தத் துறைக்கு. யாருடையது என்று தெரியாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள், அல்லது முதல்வரின் முகவரி 1100க்கு அழைத்துப் பதியுங்கள். பதிவு எண் குறுஞ்செய்தியில் வரும், அழித்துவிடாமல் வைத்திருங்கள். கிராமம் என்றால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நடக்கும் கிராம சபையில் எழுப்பித் தீர்மானமாகவே போடச் சொல்லலாம்.

மனுவில் கல்லின் படம், லொகேஷன், வாசகத்தின் தமிழாக்கம் மூன்றையும் இணையுங்கள். தேடலில் கிடைத்த பெயர்களை நான்காவதாக ஒரு தனித் தாளில் எழுதுங்கள்: பெயர், தகப்பனார் பெயர், ஊர், படைப்பிரிவு, இறந்த தேதி, பெயர் இருக்கும் நினைவுச் சின்னம். கல்லில் 20 என்று இருந்து உங்களுக்குக் கிடைத்தது 3 பெயர் என்றால் அந்த 3ஐ எழுதுங்கள், மீதியை அடுத்தவர் தேடட்டும். பழைய கல்லைத் தொடாமல், பக்கத்தில் புதிதாக ஒரு பலகை வைத்து அந்தப் பெயர்களைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். கிராம சபையில் மனு கொடுப்பதாக இருந்தால், தீர்மானம் எழுதும் முன் அந்தத் தாளை ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்க. கூட்டத்தில் யாராவது எழுந்து, 'அது எங்க வீட்டு ஆளுப்பா' என்று சொல்லக்கூடும்.